விடைக்கோழிகளைச் சேவலுடன் சேர்க்கும் முறை

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்களிலுள்ள கரிசற் பூமி பெரும்பாலும் வானத்தை நம்பியிருப்பது என்பது யாவரும் அறிந்ததே. முன்னர் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1985-ஆம் ஆண்டு முதல் விருதுநகர் மாவட்டத்தில் அடங்கிய இப்பகுதியில், ஐப்பசி கார்த்திகை மழை தவறினால் பருத்தியும் இல்லை. சோளம், கம்பு, குதிரைவாலியும் இல்லை. குண்டாற்றிலும் ஆண்டின் பெரும்பகுதி மணலே தோன்றும். இத்தகைய பூமியில் மழை தப்பிய காலத்திலும் வீட்டிற்குச் சிறிது வரும்படி தருவன ஆடும் கோழியுமே. அவற்றுள்ளும் ஆடு விற்ற பணம் ஆடவர் கைக்குப் போவதும், கோழியும் முட்டையும் விற்ற பணம் பெண்டிரின் அஞ்சறைப் பெட்டியில் தங்குவதும் வழக்கம். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், காய்ச்சலுக்கு மருந்து, திடீரென்று வந்த விருந்தாளிக்குச் செலவு ஆகிய யாவும் அப்பெட்டியினின்றே வருகின்றன. ஆதலின் ஒரு கோழி வீணாவது அற்ப நஷ்டமென்று எண்ணத்தக்கதன்று.

பருந்து, கீரி, கழிச்சல் நோய் என்னும் மூன்றினின்றும் ஒரு குஞ்சைக் காத்து ஐந்தாறு மாதம் வளர்ப்பது எளிய காரியமன்று. அவ்வாறு வளர்ந்து, இன்னுஞ் சில வாரங்களில் முட்டையிடும் என்று எதிர்பார்க்குந் தறுவாயிலுள்ள இளம் பெட்டையையே விடைக்கோழி என்கிறோம். பேச்சில் வெடக்கோழி என்பர். இவ்விடைக்கோழிகளை வீட்டுச் சேவலுடனும் மூத்த பெட்டைகளுடனும் முறையின்றிச் சேர்ப்பதால், அவை காயமுற்றும், வெருண்டோடியும், நோய் கண்டும் கெடுவதுண்டு. இதனைத் தடுக்கப் பணம் வேண்டுவதில்லை. பத்து நாட்பொறுமையும், கோழி வளர்க்கும் வீடுகளில் வழக்கமாக உள்ள பஞ்சாரமுமே போதும். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுதுபவன் செய்த பிழை

இம்முறையை எழுதுபவன் கற்றது புத்தகத்தினின்று அன்று. தான் செய்த ஒரு பிழையினின்றே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஓர் அம்மையார் ஆறு விடைக்கோழிகளைத் தனியே ஒரு கொட்டிலில் வளர்த்து வந்தார். அவற்றிற்கு வயது நாலரை மாதம். வீட்டிலோ நான்கு மூத்த பெட்டைகளும், பெருவிடைச் சாதியைச் சேர்ந்த ஒரு கனத்த சேவலும் இருந்தன. “ஐயா, இதுகளை எப்போது ஒன்றாக விடலாம்?” என்று அவர் வினவ, நான் ஏதும் யோசியாமல், “நன்றாக வளர்ந்துவிட்டனவே, அம்மா, இன்றைக்கே திறந்து விடுங்கள்” என்று கூறிவிட்டேன். காலை இரைபோடும் வேளையில் கொட்டில் திறக்கப்பட்டது.

கால் நாழிகைக்குள் மூத்த பெட்டைகள் நான்கும் புதியவற்றைத் துரத்திக் கொத்தலாயின. துரத்தப்பட்டு மூலையில் ஒடுங்கிய ஒரு விடைக்கோழியின்மேல் சேவல் ஏறிற்று. அதன் கால்முள் பட்டு விடைக்கோழியின் விலாப்புறம் கிழிந்தது. இரண்டு, சீமைக் கருவேலங் காட்டிற்குள் ஓடின. மாலையில் ஒன்றே திரும்பி வந்தது. மற்றதன் இறகுகளை மறுநாள் கண்டோம். எஞ்சியவை தொழுவின் கூரைமேல் ஏறி, இரைக்கும் இறங்காமல் இரண்டு நாள் கிடந்தன. காயமுற்றதும் நான்காம் நாள் மாண்டது. பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஆகுமென்று அந்த அம்மையார் எண்ணியிருந்த கோழிகள் அவை. அவர் என்னை வைது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “எங்கள் மாமியார் புதுக்கோழியைப் பஞ்சாரத்தில்தான் போட்டு வைப்பார்கள். நீங்கள் படித்தவர்கள் சொன்னீர்களே என்று திறந்தேன்” என்று மாத்திரம் கூறினார். அந்த மாமியாரின் வழக்கத்தில் அடங்கிய காரணங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, அவை யாவும் இக்காலத்துக் கோழி நூல்களோடு ஒத்திருக்கக் கண்டேன்.

கோழிகளுக்குள் வரிசை

கோழிகள் கூட்டமாக வாழும் பறவைகள். ஒரு கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்னும் வரிசை ஒன்று உண்டு. நார்வே தேசத்தவராகிய ஷெல்டெருப்-எப்பே என்னும் அறிஞர் இதனைக் கூர்ந்து நோக்கி, 1922-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விளக்கினார். முதலில் நிற்கும் பெட்டை யாவற்றையும் கொத்தும். கடையில் நிற்பது யாவற்றிடமும் கொத்துப்படும். வரிசை ஒருமுறை நிலைத்தபின், தலையை உயர்த்திப் பார்த்தாலே சிறியது விலகிப்போகும், சண்டைக்கு இடமில்லை. புதிய கோழிகள் புகும்போது அவ்வரிசை குலைகிறது. அது மீண்டும் நிலைக்கும் வரையில் கலகம் உண்டு.

இதில் குடியானவர்கள் அறிய வேண்டிய முக்கிய விஷயம் ஒன்றுண்டு. பெரும்பாலோர் சேவலைக் குறித்தே அஞ்சுகின்றனர். உண்மையில், புதிய பெட்டைகளை விடாது துரத்திக் கொத்துவன பெரும்பாலும் மூத்த பெட்டைகளே. ஆண்களின் வரிசை வேறு, பெண்களின் வரிசை வேறு ஆதலால், சேவல் புதிய பெட்டையைப் பகையாகக் கருதுவதில்லை. தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளவே முயலும். சேவலால் தீங்கு நேர்வது இரண்டு நிலைகளில் மட்டுமே: ஒன்று, பெட்டை பருவம் அடையாதிருத்தல், மற்றொன்று, சேவலின் கனத்தையும் கால்முள்ளையும் அது தாங்கமாட்டாதிருத்தல். மேற்சொன்ன நிகழ்ச்சியில் என் ஆலோசனையால் மூன்று பிழைகளும் ஒருங்கே நேர்ந்தன. பருவம் வராத கோழியை, மூத்த பெட்டைகள் நடுவே, கனத்த சேவலிடம் விடச் செய்தேன்.

பருவம் அறிதல்

நாட்டு விடைக்கோழி ஏறத்தாழ ஆறு, ஏழு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். லெகார்ன் முதலிய சீமைச் சாதிகளும் அவற்றின் கலப்புகளும் ஐந்து மாதத்திலேயே தொடங்குவதுண்டு. ஆகையால் மாதக்கணக்கை மட்டும் நம்பாமல் கோழியின் உடலிற் காணும் குறிகளை நோக்க வேண்டும். வெளிறிச் சிறுத்திருந்த கொண்டையும் தாடையும் பருத்துச் சிவக்கும். முதுகில் கையை வைத்தால் ஓடாமல், இறக்கையைச் சற்று விரித்துப் பதுங்கும். வாலின் கீழே இரு புறமும் உள்ள இடுப்பெலும்புகளுக்கு இடையே முன்பு ஒரு விரலே நுழைந்திருக்க, இப்போது இரண்டு விரல் நுழையும். இம்மூன்று குறிகளும் தோன்றும்வரை சேவலுடன் சேர்த்தல் ஆகாது. அதுவரை அவற்றைத் தனிக் கூட்டமாக வளர்ப்பதே நலம்.

ஒரே ஈட்டில் பொரித்த சேவற்குஞ்சுகளையும் விடைக்கோழிகளோடு சேர்த்து அனுப்பலாகாது. மூத்த சேவல் அவற்றைப் போட்டியாகக் கருதித் தாக்கும். அவற்றை முன்னரே பிரித்து விற்பதோ, வேறிடத்தில் வளர்ப்பதோ செய்ய வேண்டும்.

நோய்க்காப்பு

வெள்ளைக் கழிச்சல் என்று நம் மக்கள் கூறும் கோழிக்கழிச்சல் நோயினால் ஒரே வாரத்தில் வீட்டுக் கோழிகள் அனைத்தும் மடிவதுண்டு. குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் 1920-களின் பிற்பகுதியில் இந்நோய் கண்டறியப்பட்டமையால் இதற்கு ராணிக்கேத் நோய் என்ற பெயரும் வழங்குகிறது. நோயுற்றபின் இதற்கு மருந்தில்லை. முன்னதாகப் போடும் தடுப்பூசியே காப்பு. 8 வாரம் கடந்த கோழிகளுக்கு இறக்கையில் தோலுக்கடியில் ஊசி போடுவர். கால்நடை மருந்தகத்தில் விசாரித்து இதனைச் செய்துகொள்ளலாம். விடைக்கோழிகளுக்கும், வீட்டிலுள்ள பழைய கோழிகளுக்கும் ஊசி போட்டு இரண்டு வாரமேனும் கழிந்த பின்னரே அவற்றை ஒன்று சேர்க்க வேண்டும்.

சந்தையிலே வாங்கிய கோழிகளாயின் எச்சரிக்கை இன்னும் அதிகமாக வேண்டும். பார்வைக்கு நன்றாயிருக்கும் கோழியும் நோயைச் சுமந்து வரக்கூடும். வாங்கிய அன்றே பஞ்சாரத்தில் இட்டுச் சேவலின் அருகே வைத்தல் கூடாது. பழைய கோழிகள் வாராத இடத்தில் மூன்று வாரம் தனித்து வைத்து, எச்சம், மூக்கு, கண் ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். முதலில் பழைய கோழிகளுக்கும், அதன் பின்னரே புதியவற்றிற்கும் இரை வைத்துக் கைகால் கழுவுதல் முறை. இறகினடியில் பேன் உளதாவென்றும் பார்க்க வேண்டும். சாம்பலும் உலர்ந்த மண்ணும் கலந்து ஒரு குழியிலிட்டால் கோழிகள் தாமே புரண்டு உடலைச் சுத்தி செய்துகொள்ளும்.

பஞ்சார முறை

பஞ்சாரம் என்பது கோழியைக் கவிழ்த்து மூடுவதற்கென முடைந்த பெருங்கூடை. அதன் கண்கள் வழியே காற்றும் பார்வையும் செல்லும், கோழி செல்லாது. புதியதும் பழையதும் ஒன்றையொன்று பார்த்துப் பழக வேண்டும், ஆனால் தீண்டலாகாது என்னும் நோக்கத்திற்கு இதனினும் ஏற்ற கருவி வேறில்லை. மேல்நாட்டார் கம்பிவலைத் தடுப்பால் செய்வதை நாம் பஞ்சாரத்தால் செய்யலாம்.

முதல் நாள் முதல் ஏழாம் நாள் வரை: ஒரு பெரிய பஞ்சாரத்திற்கு மூன்று கோழிக்கு மேற்படாமல், காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு மணி நேரம், வேப்பமர நிழலில், சேவலும் பழைய பெட்டைகளும் மேயும் முற்றத்திலேயே கவிழ்த்து வைக்க வேண்டும். மேலே ஒரு கல்லை ஏற்ற வேண்டும். உள்ளே கனத்த மண்சட்டியில் தண்ணீர் இருத்தல் அவசியம். கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து மூச்செறிந்தே தன் உடற்சூட்டைத் தணிக்கும். ஆதலின் நிழலின்றி வைத்தால் ஒரு பகலிலேயே இறந்துபடும். உள்ளே சிறிது கம்பைத் தூவி, அதே சமயம் பஞ்சாரத்தின் வெளி விளிம்பைச் சுற்றியும் தூவுக. சேவலும் பழைய பெட்டைகளும் அருகே வந்து தின்னும். ஒருசேர இரையுண்பதே பழக்கத்தின் முதற்படி. மற்ற நேரங்களிலும் இரவிலும் விடைக்கோழிகள் தம் பழைய கொட்டிலிலேயே இருக்கட்டும்.

எட்டாம், ஒன்பதாம் நாட்கள்: இப்போது முறையை மாற்றுக. பழைய பெட்டைகளுள் மிகவும் துரத்துவது எதுவென்று இதற்குள் தெரிந்திருக்கும். அவ்வொன்றிரண்டைப் பஞ்சாரத்தில் மூடிவிட்டு, விடைக்கோழிகளைச் சேவலுடனும் சாதுவான பெட்டைகளுடனும் வெளியே விடுக. பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்பு விடுதல் நன்று. அப்போது கோழிகள் இரையிலே கருத்தாயிருக்கும். கலகம் உண்டாயினும் இருட்டு அதனை நிறுத்திவிடும். ஐந்து கோழிக்கு ஒன்றாக, ஒன்றிற்கொன்று பத்தடி தூரத்தில், இரைச்சட்டிகளைப் பல இடங்களில் வைக்க வேண்டும். ஒரே சட்டியாயின் வலியது அதைக் காத்து நிற்கும். எளியது பட்டினி கிடக்கும். ஒரு விறகுக் கட்டு, சாய்த்த வண்டிச் சக்கரம் போன்ற மறைவிடங்கள் இருத்தலும் நலம்.

பத்தாம் நாள்: நன்றாக இருட்டியபின் விடைக்கோழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய கோழிகள் அடையும் கூட்டில், உட்காருங் கழியின்மேல் வைக்க வேண்டும். இருளில் கோழிக்குக் கண் தெரியாது; சண்டையிடாது. விடிந்ததும் அவை அருகருகே இருப்பதைக் காணும். ஆனால் மறுநாள் விடியற்காலையில் கூட்டை நேரத்தோடு திறத்தல் மிகவும் அவசியம். வெளிச்சம் வந்தபின்னும் கூடு மூடிக்கிடந்தால், தப்பியோட இடமில்லாத கோழி கொத்துப்பட்டே மாளும். இரவில் சரியாகச் செய்து காலையில் தூங்கிவிட்டவர்கள் இம்முறையைப் பழித்தல் தகாது.

ஒருபோதும் ஒரே விடைக்கோழியைத் தனியே சேர்க்கலாகாது. மூன்றேனும் சேர்ந்து புகுந்தால் கொத்துகள் பங்கிடப்படும். அவற்றிற்குத் துணையும் இருக்கும். அக்கினி நட்சத்திர நாட்களிலும், அடைமழை நாட்களிலும் இவ்வேலையை மேற்கொள்ளாதிருத்தல் நன்று.

நற்குறியும் தீக்குறியும்

சேவல் ஓர் இறக்கையைத் தரையிலே தாழ்த்தி விடைக்கோழியைச் சுற்றி வருதலும், ஒரு தானியத்தை அலகால் எடுத்துப் போட்டுக் கொக்கரித்து அதனை அழைத்தலும் நற்குறிகள். மூத்த பெட்டை ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் தன் வழியே போதலும் இயல்பே, அதிற் குறுக்கிடலாகாது. குறுக்கிட்டால் வரிசை நிலைக்க மேலும் நாட்களாகும். இரத்தம் காணுதல், ஓயாது துரத்துதல், விடைக்கோழி ஒரு பகல் முழுதும் இரை தின்னாதிருத்தல் ஆகியவை தீக்குறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மீண்டும் பஞ்சாரத்தில் மூடி, மூன்று நாள் கழித்துத் தொடங்க வேண்டும். கோழிகள் சிவந்த இடத்தையே மேலும் கொத்தும் இயல்புடையவை. ஆதலின் காயமுற்றதை உடனே பிரித்து, காய்ச்சி ஆறிய நீரால் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயிற் குழைத்துத் தடவி, ஆறும் வரையில் தனியே வைக்க வேண்டும். ஆழ்ந்த காயமாயின் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க.

சேவலைப் பற்றி

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். இரண்டு மூன்று பெட்டைகளுக்கே ஒரு சேவல் இருந்தால், அது ஓயாது ஏறி அவற்றின் முதுகிறகை உதிர்த்துவிடும். கால்முள் நீண்டு கூர்மையாயிருந்தால், நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்க வேண்டும். அடியில் எலும்பும் இரத்தவோட்டமும் உண்டாகையால் ஒட்ட வெட்டலாகாது. சிறுவிடைப் பெட்டைகளுக்கு நான்கு கிலோ நிறையுள்ள பெருவிடைச் சேவலை விடுவது ஏற்றதன்று.

தன் சேவலுக்குப் பிறந்த விடைக்கோழிகளையே மீண்டும் அச்சேவலுடன் சேர்ப்பது நம் கிராமங்களிற் சாதாரணம். இவ்வாறு இரத்தவுறவில் இனம் பெருக்கினால், நாளடைவில் முட்டை குறையும், கருக்கூடாத முட்டைகள் பெருகும், குஞ்சுகள் மெலியும். பக்கத்துக் கிராமத்தாரோடு சேவலை மாற்றிக்கொள்வதால் இக்குறை நீங்கும். மாற்றி வாங்கிய சேவலுக்கும் மூன்று வாரத் தனிப்பு உண்டென்பதை மறத்தலாகாது.

முட்டையை விற்பது மட்டுமே நோக்கமாயின் சேவலே வேண்டுவதில்லை. சேவலின்றியும் பெட்டை முட்டையிடும். கருவில்லாத முட்டை வெயிற்காலத்தில் எளிதிற் கெடுவதுமில்லை. ஆயினும் மரங்கள் அரிதாகிய நம் கரிசற் காட்டில், திறந்த வெளியில் மேயும் கோழிகளுக்குச் சேவலாற் பெரும் அனுகூலமுண்டு. வானத்தில் பருந்தைக் கண்டால் ஒருவிதமாகவும், தரையில் கீரியையோ நாயையோ கண்டால் வேறுவிதமாகவும் அது குரல் கொடுக்கும். சேவலோடு பழகிய விடைக்கோழி அக்குரல் கேட்டவுடன் பதுங்கும். பழகாதது தனித்து மேய்ந்து இரையாகும். சேர்க்கும் முறையில் இத்தனை கவனம் வேண்டுமென்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடைமுட்டை

சேவலுடன் சேர்ந்து இரண்டு மூன்று நாட்களிற் கருவுள்ள முட்டை கிடைக்கத் தொடங்கலாம். ஒரு வாரம் கழித்து எடுத்த முட்டைகளை அடைக்கு வைத்தல் நிச்சயமானது. முன்னிருந்த சேவலை நீக்கிப் புதுச் சேவலை விட்டவர்கள் மூன்று வாரம் பொறுக்க வேண்டும். ஏனெனில் பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்கி நிற்கும். விடைக்கோழி முதல் மாதத்தில் இடும் முட்டைகள் சிறியன. அவற்றினின்று பொரியும் குஞ்சுகளும் சிறியன. ஆகையால் அவற்றை உண்பதற்கோ விற்பதற்கோ கொள்க. அடை வைத்த ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளியிற் பிடித்துப் பார்த்தால், கருக்கூடியதில் சிவந்த நரம்புகள் தோன்றும்; கூடாததை அகற்றிவிடலாம். 21-ஆம் நாள் குஞ்சு பொரியும்.

முட்டையிடுங் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக வேண்டும். இடித்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டியது வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளும். முட்டைக்கோழிக்கென விற்கும் தீவனத்தைப் பருவம் வராத விடைக்கோழிக்கு நெடுநாள் கொடுத்தலாகாது. அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்பு அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முடிவுரை

முன்னர்க் கூறிய அம்மையார் மறு ஆண்டில் வேறு ஏழு விடைக்கோழிகளை வளர்த்தார். இம்முறை நான் ஆலோசனை கூறவில்லை. அவர் மாமியாரின் பஞ்சாரத்தைப் பரணிலிருந்து இறக்கியபோது உடனிருந்து நாட்களைக் குறித்துக்கொண்டேன். பதினோராம் நாட்காலையில் ஏழும் சேவலின் பின்னே களத்துமேட்டுக்கு மேயச் சென்றன. ஒன்றும் குறையவில்லை. மேலே எழுதிய முறையின் பெரும்பகுதி அக்குறிப்பேயாகும்.

ஆறு மாத உழைப்பைப் பத்து நாள் அவசரத்தால் இழக்காதிருக்க வேண்டும் என்பதே இதன் சாரம். இவ்வாண்டு விடைக்கோழி வைத்திருக்கும் குடியானவர்களும் இல்லத்தரசிகளும் முதலில் தடுப்பூசியை முடித்து, கொண்டை சிவக்கும்வரை காத்திருந்து, பின்னர்ப் பஞ்சாரத்தை எடுப்பார்களாக.